பச்சை மாத்திரையும் பெர்க்கிலி எலிகளும்

எங்கள் சித்தி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் பச்சை நிறத்தில், தொட்டால் மெத்தென்று அமுங்கும் மாத்திரைகள். சின்ன வயதில் மிட்டாய் என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, எண்ணெய் மாதிரி ஏதோ பீறிட்டு வந்து, முதுகில் ஒரு அடியும் வாங்கியிருக்கிறேன். "அது பெரியவங்க மாத்திரைடா" என்றார் சித்தி. சித்திக்கு அப்போது கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. அந்த மாத்திரை வைட்டமின் ஈ என்பதும், எதற்காக அதைச் சாப்பிட்டார் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

போன வருஷம் இன்னொரு தலைமுறையிலிருந்து அதே கேள்வி வந்தது. மாமா மகன் ஒருவன், கல்யாணமாகி நான்கு வருஷம், வாட்ஸ்அப்பில் ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம், துத்தநாகம், லைகோபீன், கார்னிடின் என்று ஒரு பட்டாளமே இருந்தது. "அண்ணா, ஆன்டிஆக்ஸிடன்ட்டுன்னு சொல்றாங்க. மாசம் ரெண்டாயிரத்துக்கு மேல ஆகுது. இதுல நெஜமாவே ஏதாவது இருக்கா?"

"படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். ரெண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். அது என்னை நூறு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

கொழுத்த எலிகள், பிறக்காத குட்டிகள்

1920-களின் தொடக்கம். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ் என்ற உடற்கூறியல் பேராசிரியர் எலிகளை வைத்து இனப்பெருக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வைட்டமின் என்ற சொல்லுக்கே அப்போது பத்து வயதுதான். ஏ, பி, சி வரை வந்திருந்தது. விஞ்ஞானிகள் அப்போது ஒரு முறையைக் கையாண்டார்கள். இயற்கை உணவைக் கொடுக்காமல், சுத்திகரித்த பொருட்களைக் கலந்து எலிகளுக்குக் கொடுப்பது. எது குறைந்தால் என்ன கெடுகிறது என்று பார்ப்பது.

எவன்ஸும் அவருடைய சக ஆய்வாளர் கேத்தரின் ஸ்காட் பிஷப்பும் கொடுத்த உணவில் பால் புரதம், சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெண்ணெய்க் கொழுப்பு, உப்புகள், ஈஸ்ட் எல்லாம் இருந்தன. எலிகள் நன்றாக வளர்ந்தன. பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் குட்டி மட்டும் போடவில்லை.

இந்த இடத்தில் எவன்ஸிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கருவி இருந்தது. ஜோசப் லாங் என்பவருடன் சேர்ந்து எலியின் பருவச் சுழற்சியை அவர் முழுமையாக ஆராய்ந்து வைத்திருந்தார். பெண் எலியின் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே, நாலைந்து நாள் சுழற்சியில் அது எந்த நாளில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதனால் "குட்டி போடவில்லை" என்பதோடு நிற்காமல், எந்தப் படியில் தடங்கல் என்று அவர்களால் பார்க்க முடிந்தது. முட்டை வெளிவந்தது. இணை சேர்ந்தது. கரு கருப்பையில் ஒட்டியது. அதற்குப் பிறகு, மூன்று வாரக் கர்ப்பத்தின் நடுவில், கரு செத்து, தாயின் உடலே அதை உறிஞ்சிக்கொண்டது.

அந்த எலிகளுக்கு லெட்டூஸ் இலைகளைக் கொடுத்ததும் குட்டிகள் பிறந்தன. சரி, வைட்டமின் சி-யாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கோதுமை முளைக்கருவும் அதே வேலையைச் செய்தது. அதில் சி கிடையாது. ஆக, இது புதுசு. 1922-இல் 'சயன்ஸ்' இதழில் அவர்கள் இதை வெளியிட்டார்கள். இனப்பெருக்கத்துக்கு அவசியமான, இதுவரை யாரும் அறியாத ஒரு உணவுக் காரணி என்றார்கள். முதலில் அதற்கு வைத்த பெயர் 'எக்ஸ்'. 1924-இல் பார்னெட் ஷூர் என்ற இன்னொரு ஆய்வாளர் வரிசைப்படி 'ஈ' என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண் எலிகளையும் அவர்கள் சோதித்தார்கள். பெண் எலிக்கு அடுத்த கர்ப்பத்தில் சத்துள்ள தீனி கொடுத்தால் நல்ல குட்டிகள் பிறந்தன. ஆண் எலியின் கதை வேறு. விந்தகம் ஒரு கட்டத்துக்கு மேல் சிதைந்துவிட்டால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் மீளவில்லை. அதற்குக் காரணம் புரிய எழுபது வருஷம் ஆனது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

கிரேக்கப் பேராசிரியர் கொடுத்த பெயர்

அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுக்கப் பதினான்கு வருஷம் பிடித்தது. 1936-இல் எவன்ஸ், ஆலிவர் எமர்சன், கிளாடிஸ் எமர்சன் மூவரும் கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தார்கள். பெயர் வேண்டுமே. எவன்ஸ் தன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் கல்ஹூனிடம் போனார். இது என்ன செய்யும் என்று பேராசிரியர் கேட்டார். குட்டி ஈன வைக்கும் என்று பதில். 'டோகோஸ்' என்றால் பிள்ளைப்பேறு, 'ஃபெரெய்ன்' என்றால் சுமப்பது. வேதியியல்படி ஆல்கஹால் வகை என்பதால் கடைசியில் ஒரு 'ஆல்'. டோக்கோஃபெரால். தமிழில் வைத்திருந்தால் 'பேறுதாங்கி' என்று வைத்திருப்போம்.

பெயரிலேயே பிள்ளை வந்துவிட்டது. என்னைக் கேட்டால், பாதிக் குழப்பம் அந்த நிமிஷத்தில் தொடங்கியது.

ஏனென்றால் எலிக்கு உண்மையானது மனிதருக்கும் உண்மையா என்பது அப்போது தெரியாது. ஆனாலும் யாரும் காத்திருக்கவில்லை. 1930-களிலேயே திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகும் பெண்களுக்குக் கோதுமை முளைக்கரு எண்ணெய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கனடாவில் ஈவன் ஷூட் என்ற மகப்பேறு மருத்துவர் அதன் தீவிர ஆதரவாளர். 1940-களில் அவரும் அவர் தம்பி வில்ஃப்ரிடும் இதய நோய்க்கும் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். சிலருக்குக் குழந்தை பிறந்தது என்பது நிஜம். ஆனால் இரண்டு முறை கரு கலைந்த பெண்களில் பெரும்பாலோருக்கு, ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அடுத்த கர்ப்பம் தங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து தராத ஒரு குழு வேண்டும். அது இல்லாதவரை எதை நம்புவது? அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான்.

மனிதருக்கு இது குறைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 1950-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எல்ஜின் அரசு மனநல மருத்துவமனையில் மேக்ஸ் ஹார்விட் ஒரு நீண்ட ஆய்வு நடத்தினார். அங்கிருந்த ஆண் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ குறைந்த உணவை வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். இன்று எந்த அறக்குழுவும் இதற்கு எளிதில் கையெழுத்துப் போடாது. ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடைவது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் பெரிய நோய் ஒன்றும் வரவில்லை. 1968-இல் அமெரிக்கா முதல் தடவையாக வைட்டமின் ஈ-க்குத் தினசரி அளவு நிர்ணயித்தபோது இந்த ஆய்வுக்கும் அதில் பங்கு இருந்தது.

மனிதரில் உண்மையான பற்றாக்குறை எப்படி இருக்கும் என்பது பிறகு தெரிந்தது. கொழுப்பைச் செரிக்க முடியாத குழந்தைகளிடமும், டோக்கோஃபெராலைக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு ஏற்றிவிடும் புரதம் பழுதான அபூர்வக் குடும்பங்களிடமும். அவர்களுக்கு நடை தள்ளாடும், கை கால் ஒருங்கிணைப்பு போய்விடும். அதாவது, மனிதரில் அது முதலில் தாக்குவது நரம்பை. பேறுதாங்கி என்று பெயர் வாங்கிய பொருள் மனித உடலில் முக்கியமாக நரம்புதாங்கியாக இருந்தது!

காறிப்போன எண்ணெய்

இந்தக் கதையில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' எங்கே நுழைகிறது? எலித் தீனியில் இருந்த பன்றிக் கொழுப்பு வழியாக.

திறந்து வைத்த கடலை எண்ணெய் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும், இல்லையா? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைத் தாக்குவதால் வருவது அது. ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்து மூலக்கூறையும் கெடுக்கும். கூரை வீடுகளில் தீ தாவுவது மாதிரி ஒரு சங்கிலி. கொழுப்பு இப்படிக் காறிப்போனால் அதிலுள்ள வைட்டமின் ஈ-யும் அழிந்துவிடும். 1931-இல் அயோவாவில் ஹரால்ட் ஓல்காட்டும் ஹென்றி மேட்டிலும் லெட்டூஸ் எண்ணெயில் கொழுப்பைக் காறாமல் காக்கும் பொருள் இருப்பதைக் கண்டார்கள். 1937-இல் ஓல்காட்டும் ஆலிவர் எமர்சனும் டோக்கோஃபெரால்களுக்கே அந்தக் குணம் இருக்கிறது என்று காட்டினார்கள். டோக்கோஃபெரால் தன் ஹைட்ரஜன் அணு ஒன்றைக் கொடுத்து, தாவும் தீயை அந்த இடத்திலேயே அணைத்துவிடுகிறது. அணைத்த டோக்கோஃபெராலை வைட்டமின் சி மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது.

அதே பெர்க்கிலியில் 1950-களில் டென்ஹம் ஹார்மன் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. உடலுக்குள்ளும் இதே சங்கிலி நடக்கிறது, அதனால்தான் நாம் முதுமை அடைகிறோம் என்று 1956-இல் எழுதினார். 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், ஆக்ஸிஜனின் ஒரு கொடிய வடிவத்தை அழிப்பதற்கென்றே நம் செல்களில் ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்ததும், ஹார்மன் சொன்னதற்கு வலு கூடியது. 'ஃப்ரீ ராடிக்கல்' என்ற வில்லனும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற கதாநாயகனும் தயார். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

விந்தணுவும் ஆக்ஸிஜனும்

நியாயமாகச் சொன்னால், குழந்தைப்பேறு விஷயத்தில் இது வெறும் விளம்பரமும் இல்லை. 1943-லேயே ஜான் மெக்லியாட் என்ற ஆய்வாளர், மனித விந்தணுக்களை அதிக ஆக்ஸிஜனில் வைத்தால் அவை நீந்தும் சக்தியை இழக்கின்றன என்றும், ஹைட்ரஜன் பெராக்ஸைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தால் தப்பிக்கின்றன என்றும் காட்டினார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். விந்தணுவின் மேலுறையில் எளிதில் காறக்கூடிய கொழுப்பு அமிலங்கள் நிறைய. அதன் உடம்பில் சைட்டோபிளாசமோ கொஞ்சம்; அதனால் காவல் நொதிகளும் கொஞ்சம். 1980-களிலிருந்து ஜான் எய்ட்கன் போன்றவர்கள், குழந்தையின்மைப் பிரச்சினை உள்ள ஆண்கள் பலரிடம் இந்த ஆக்ஸிஜன் சேதம் அதிகம் என்று காட்டினார்கள்.

அப்படியானால் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிட வேண்டுமே? அங்கேதான் சிக்கல். 1990-களில் மான்ட்ரியலில் ஈவ் டி லாமிராண்டும் க்ளோட் கான்யோனும் வேறொன்றைப் பார்த்தார்கள். முட்டையைத் துளைக்கத் தயாராகும் கடைசிக் கட்டத்தில் விந்தணுவுக்கு அந்தக் 'கெட்ட' ஆக்ஸிஜன் வடிவங்கள் கொஞ்சம் தேவைப்படுகின்றன. முழுசாகத் துடைத்தால் அந்தத் தயாரிப்பே நடப்பதில்லை. உப்பு அதிகமானாலும் சாப்பிட முடியாது, இல்லாவிட்டாலும் சாப்பிட முடியாது.

பெரிய சோதனைகள் சொன்னது

இதற்கிடையில் மற்ற நோய்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் பலமாக அடி வாங்கின. 1994-இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனை முடிவு வந்தது. வைட்டமின் ஈ நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. அடுத்து, புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் வட அமெரிக்காவில் 35,533 ஆண்களிடம் ஒரு சோதனை. 2008-இல் பலனில்லை என்று மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-இல் திரும்பக் கணக்குப் பார்த்தால், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

சரி, குழந்தைக்கு? இதற்கு ஒழுங்கான பதில் 2020-இல்தான் வந்தது. அமெரிக்காவில் விந்தணுக் குறைபாடுள்ள ஆண்களையும் அவர்கள் மனைவியரையும் சேர்த்து, சுமார் 170 தம்பதிகளிடம் ஒரு சோதனை. பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், லைகோபீன் சேர்ந்த கலவை. மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. என் மாமா மகன் அனுப்பிய அட்டை கிட்டத்தட்ட இதே பட்டியல். குழந்தை பிறந்தது மாத்திரைக் குழுவில் 15 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 24 சதவீதம். ஆட்கள் குறைவு என்பதால் இந்த வித்தியாசத்தை வைத்து மாத்திரை கெடுதல் என்று சொல்ல முடியாது. நன்மை தெரியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதே வருஷம் 2,370 தம்பதிகளிடம் துத்தநாகம், ஃபோலிக் அமிலம் இரண்டை மட்டும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும் வெளியானது. குழந்தை பிறந்தது 34 சதவீதம், போலி மாத்திரையில் 35 சதவீதம். விந்தணுவின் டிஎன்ஏ உடைசல் மாத்திரைக் குழுவில்தான் சற்றே அதிகம். வயிற்று உபாதைகளும் அங்கேதான் அதிகம். (பெண்கள் கருத்தரிக்கும் முன் சாப்பிடும் ஃபோலிக் அமிலம் வேறு கதை. அது குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கும் என்பது உறுதியானது. அதை இதோடு போட்டுக் குழப்பி நிறுத்திவிடாதீர்கள்.)

சின்னச் சின்ன ஆய்வுகள் பல நல்ல முடிவு சொல்கின்றனவே என்று கேட்கலாம். சொல்கின்றன. அவற்றை எல்லாம் சேர்த்து அலசிய காக்ரன் மதிப்பாய்வு, அந்தச் சான்றின் தரம் குறைவு என்றது. கோளாறான ஆய்வுகளைக் கழித்துப் பார்த்தால் பலன் மங்கிவிடுகிறது என்றும் சொன்னது.

அந்த ஆண் எலிக்கு என்ன ஆனது?

இப்போது பாக்கி வைத்த விஷயம். ஆண் எலி ஏன் மீளவில்லை? ஆணின் விந்தகத்தில் ஆயுள் முழுக்க விந்தணுக்களைத் தயாரிக்கும் மூலச் செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. 1994-இல் பென்சில்வேனியாவில் ரால்ஃப் பிரின்ஸ்டர், ஒரு சுண்டெலியின் அந்தச் செல்களை எடுத்து, மலடான இன்னொரு சுண்டெலியின் விந்தகத்தில் செலுத்தினார். அங்கே முதல் எலியின் விந்தணுக்கள் உற்பத்தியாயின. விதைநெல் இருக்கும்வரை வயல் எத்தனை தடவை காய்ந்தாலும் மறுபடி விதைக்கலாம். விதைநெல்லும் போய்விட்டால் தண்ணீர் விட்டுப் பயனில்லை. விந்தகம் முற்றாகச் சிதைந்த எவன்ஸின் எலிகளுக்கு நடந்ததும் அதுதான் என்று இன்று நாம் புரிந்துகொள்ளலாம்.

பெண்ணுக்கு? பிறக்கும்போதே முட்டைகளின் இருப்பு தீர்மானமாகிவிடுகிறது, புதிதாக வருவதில்லை என்று 1951-இல் ஸாலி ஸுக்கர்மன் நிலைநாட்டிய கருத்து அரை நூற்றாண்டு நின்றது. 2004-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஜொனதன் டில்லியின் குழு, பெண் சுண்டெலியின் சூலகத்திலும் மூலச் செல்கள் உண்டு என்று அறிவிக்க, பெரிய சண்டையே நடந்தது. 2020-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் மனிதச் சூலகத்தை ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் பார்த்து, மூலச் செல் என்று சொல்லப்பட்டவை ரத்தக் குழாயை ஒட்டிய சாதாரணச் செல்கள்தான் என்றார்கள். சண்டை முழுசாக ஓயவில்லை. ஆனால் 'ஸ்டெம் செல்லால் முட்டை வளர்க்கிறோம்' என்ற விளம்பரங்கள் மட்டும் ஓயாமல் வருகின்றன. நம் நாட்டில் 2017-ஆம் வருஷ தேசிய வழிகாட்டுதல், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த மூலச் செல் மாற்றத்தைத் தவிர மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான், முறையான சோதனைக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்கிறது. சோதனைக்கு ஆள் சேர்ப்பவர் காசு கேட்க மாட்டார், கேட்டால் யோசியுங்கள்.

பழைய கதை புது உடுப்பில் வருகிறது. எலியில் பார்த்த ஓர் உண்மை. அதற்கு ஒரு நல்ல பெயர். குழந்தைக்காக எதையும் செய்யத் தயாராக இருக்கும் இரண்டு பேர். இந்த மூன்றும் இருந்தால் போதும், நடுவில் இருக்க வேண்டிய சோதனைக்காக யாரும் காத்திருப்பதில்லை.

மாமா மகனிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "சாப்பிடாதேன்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. ஆனா அடுத்த தடவை போகும்போது ரெண்டு கேள்வி கேளு. இதுக்குக் குழந்தை பிறந்த கணக்கு இருக்கா, விந்தணு எண்ணிக்கை கணக்கு மட்டும்தான் இருக்கா? என் பிரச்சினைக்குக் காரணம் என்னன்னு பார்த்துட்டுத்தான் இதைக் கொடுக்கறீங்களா?" கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவனை முழுசாகப் பரிசோதித்து, விந்தகத்தில் ரத்த நாளம் புடைத்திருப்பதைக் கண்டார்கள். இப்போது அதற்குச் சிகிச்சை நடக்கிறது. முடிவு என்னவோ, பார்ப்போம்.

சித்தியிடமும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எழுபதை நெருங்குகிறார். "பதினோரு வருஷம்டா. அந்தப் பச்சை மாத்திரை, எத்தனை கோயில், எத்தனை விரதம்." சித்தப்பாவுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரை யாருடா டெஸ்ட் பண்ணச் சொன்னா?"

1920-களில் பெர்க்கிலியில் ஆண் எலியையும் சேர்த்துத்தான் சோதித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த யோசனை வர இன்னும் ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.